மூணு வயசு குழந்தைக்கு எதை வாங்கறது? புத்தகமா, ஃப்ரீ கதையா, போனா, மரச்சாமானா, வீட்டுல கெடக்கறதா?

இந்த மாசம் மட்டும் மூணு பேரு ஏறக்குறைய ஒரே கேள்வியக் கேட்டுட்டாங்க. ஒருத்தங்க பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்கற அம்மா, பையனுக்கு இப்பதான் மூணு முடிஞ்சிருக்கு, "கையில ஆயிரம் ரூபா இருக்குங்க மிஸ், எதாச்சும் உருப்படியா வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன், எதை வாங்கட்டும்"னு கேட்டாங்க. இன்னொருத்தங்க பல்லடம் பக்கம் ஒரு ப்ளே ஸ்கூல்ல புதுசா சேந்த டீச்சர், வகுப்புல 22 குழந்தைங்க, சாமான் வாங்க வருஷத்துக்கு 3000 ரூபா தான் தர்றாங்களாம். மூணாவது துபாய்ல இருக்கற என் சித்தி பொண்ணு, அவ பாப்பாவுக்கு நாலு வயசு, தமிழ்ல சொன்னா நல்லா புரியுது ஆனா பதில் மட்டும் இங்கிலீஷ்ல தான் வருது.

மூணு பேருக்கும் வாய்ஸ் நோட் போட்டுப் பாத்தேன், பாதிக்கு மேல ஒரே விஷயத்த திருப்பித் திருப்பி சொல்றேன்னு தெரிஞ்சுது, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் திருப்பூர்ல 11 வருஷமா எல்கேஜி எடுக்கறேன். எங்க கிட்ட வர்ற குழந்தைங்கள்ல முக்காவாசிப் பேரோட அம்மா அப்பா ரெண்டு பேருமே ஷிப்ட் வேலைக்குப் போறவங்க, அதனால "தினமும் ஒரு மணி நேரம் குழந்தையோட உக்காருங்க"ன்னு ஈசியா சொல்லிட்டு நகர என்னால முடியாது.

## எதை வச்சு அளக்கறது

வாங்கறதுக்கு முன்னாடி நான் பாக்கறது அஞ்சு விஷயம்.

முதல்ல பேச்சு. அந்தப் பொருள் வீட்டுக்குள்ள வந்ததும் குழந்தையோட பேச்சு கூடுதா, கொறையுதா? மூணுல இருந்து அஞ்சு வயசுங்கறது வார்த்தை சேர்ற வயசு, கேட்டு, திருப்பி சொல்லி, தப்பா சொல்லி, மறுபடி கேட்டுத் தான் சேரும். எனக்கு இதுதான் பெரிய அளவுகோல், மத்த நாலும் இதுக்குப் பின்னாடி தான்.

ரெண்டாவது பெரியவங்க நேரம். பக்கத்துல ஒருத்தர் உக்காந்தா தான் வேலை செய்யுமா, இல்ல குழந்தையே தனியா செஞ்சுக்குமா? விலைச்சீட்டுல இது இருக்காது, ஆனா நிறைய வீட்டுல வாங்கின சாமான் பீரோ மேல ஏறிக் கெடக்கறதுக்குக் காரணமே இதுதான்.

மூணாவது எத்தன விதமா விளையாடலாம். ஒரே ஒரு பட்டன், அமுக்கினா ஒரே ஒரு சத்தம்னா நாலு நாள் தான். அப்புறம் பாதுகாப்பு. பொம்மை சோதனைல 31.7 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள ஒரு குழாய் வச்சிருப்பாங்க, அதுக்குள்ள முழுசா அடங்கற எதுவும் மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு ஆகாது, தொண்டைல சிக்கிக்கும். 2021 ஜனவரில இருந்து இந்தியாவுல விக்கற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் (பதிவு பண்ண கைவினைஞருங்க செஞ்சு விக்கறதுக்கு மட்டும் விலக்கு உண்டு), டப்பால அத மொதல்ல தேடுங்க. கடைசியா காசு, வாங்கற அன்னைக்கு ஆகறதும் அதுக்கப்புறம் ஆகறதும் சேத்து.

| எது | முதல் செலவு | பின்னாடி வர்ற செலவு | பெரியவங்க வேணுமா | யாருக்கு ரொம்பப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| படப் புத்தகம் | ஒண்ணு 50 ரூபால இருந்து 250 வரை, லைப்ரரில இன்னும் கம்மி | கிழியும், ஒட்டணும் | ஆமா, 10 நிமிஷம் | பாட்டி தாத்தா இருக்கற வீடு, மொழி வளரணும்னு நெனைக்கறவங்க |
| ஃப்ரீ ஆன்லைன் கதை | ஒண்ணுமில்ல | பிரின்ட், டேட்டா, தேடற நேரம் | ஆமா | டீச்சருங்க, வெளிநாட்டுல இருக்கறவங்க |
| ஆப், வீடியோ | ஒண்ணுமில்ல | விளம்பரம், சந்தா, நிறுத்தறப்ப வர்ற அழுகை | வேணாம்னு தோணும், ஆனா வேணும் | கொஞ்ச நேரத்துக்கு வேற வழியே இல்லாதப்போ |
| மாண்டிசோரி மரச்சாமான் | ஆயிரத்துல ஆரம்பிக்கும் | வைக்க எடம், தொலையற துண்டு | பழக்கற வரைக்கும் தான் | வகுப்பறை |
| வீட்டுப் பொருள் | ஒண்ணுமில்ல | சேக்கற, கழுவற நேரம் | சின்னப் பொருள்னா கண்டிப்பா | எல்லாருக்கும், மூணு வயசுக்கு மேல |

## படப் புத்தகம்

என் மனசு எங்க சாயுதுன்னு முன்னாடியே சொல்லிடறேன், இதுல தான். ஏன்னு ஒரு சின்ன விஷயத்த வச்சு சொல்றேன். எங்க ஸ்கூல்ல ஒரு பையன், அம்மா அப்பா ரெண்டு பேரும் கம்பெனி, சாயங்காலம் கூட்டிட்டுப் போறது அமுச்சி (அம்மாவோட அம்மா) தான். அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் நான் ஒரு படப் புத்தகத்த குடுத்து விட்டேன், "எனக்கு இது தெரியாதுங்க டீச்சர்"னு கூச்சப்பட்டாங்க, "படத்தப் பாத்து வாய்க்கு வந்தத சொல்லுங்க போதும்"னேன். மறுநாள் அவன் வந்து அந்தப் புத்தகத்துல இருக்கற சந்தைப் படத்தக் காட்டி, இந்தப் பாட்டி கொண்டை போட்டிருக்கா, இவ கிட்ட அமுச்சி கத்திரிக்கா வாங்குனா, அவ ரெண்டு சேத்துப் போட்டா, அப்புறம் பஸ்ஸுக்கு காசில்லாம நடந்தே வந்தாங்கன்னு ஒரு கதைய சொல்றான். புத்தகத்துல அப்படி ஒரு வரி கூட கெடையாது. வகுப்புல மூணு வார்த்தைக்கு மேல பேசாத பையன் அவன்.

எதை வாங்கறதுன்னா, சென்னைல 1996ல ஆரம்பிச்ச தூலிகா ஒன்பது மொழில படப் புத்தகம் போடறாங்க, தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்துல இருக்கற இருமொழிப் புத்தகமும் உண்டு. விலை கொஞ்சம் கூட தான் ஆனா படமும் தாளும் நல்லா இருக்கும். பிரதம் புக்ஸ் 2004ல பெங்களூர்ல ஆரம்பிச்ச லாபநோக்கம் இல்லாத அமைப்பு, அவங்க புத்தகம் நிறைய 100 ரூபாக்குக் கீழயே கெடைக்கும். நேஷனல் புக் டிரஸ்ட்டு, பாரதி புத்தகாலயத்தோட புக்ஸ் ஃபார் சில்ட்ரன், ரெண்டையும் புத்தகக் கண்காட்சில தேடுங்க. வாங்கறப்ப நான் பாக்கறது ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரிக்கு மேல இருக்கக் கூடாது, படத்துல கதைக்கு சம்பந்தமில்லாம எதாச்சும் ஓரத்துல நடந்துட்டு இருக்கணும், ஒரு நாய் தூங்கறது, ஒரு செருப்பு கெடக்கறது மாதிரி. குழந்தை வெரல் வைக்கறது அங்க தான்.

காசே வேணாம்னா லைப்ரரி இருக்கு. வீட்டு வரி கட்டறப்ப அதுலயே ரூபாய்க்கு 10 பைசா நூலக வரின்னு நாம குடுத்துட்டு தான் இருக்கோம், 1948ல வந்த பொது நூலகச் சட்டத்துல இருந்து வர்ற ஏற்பாடு அது. குடுத்த காசுக்கு போய் உக்காருங்க. சென்னைல கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துலயும், 2023ல மதுரைல திறந்த கலைஞர் நூலகத்துலயும் குழந்தைங்களுக்குத் தனிப் பகுதியே இருக்கு. சின்ன ஊர் கிளை நூலகத்துல குழந்தைப் புத்தகம் ஒரு அலமாரி தான் இருக்கும், அதுவும் ஆறு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு தான் அதிகம், அத ஒத்துக்கறேன்.

யாரும் முன்கூட்டி சொல்லாத ஒரு சிக்கல் இதுல உண்டு. புத்தகத்துல "பூனை மரத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது"ன்னு இருக்கும், வீட்டுல குழந்தை கேக்கறது "பூன மரத்து மேல ஏறிட்டு இருந்துச்சு". அப்படியே வாசிச்சா மூணு வயசு முழிக்கும், நெளியும், நீங்க "என் பையனுக்கு புத்தகமே பிடிக்கல"ன்னு மூடி வச்சிருவீங்க. அதுக்கு நான் செய்யறது, மொத மூணு நாள் வீட்டுப் பேச்சுலயே சொல்லிடறது, கதை மனப்பாடம் ஆனதுக்கப்புறம் நாலாவது நாள்ல இருந்து எழுதியிருக்கறபடியே வாசிக்கறது. அப்போ அதுக்கு அர்த்தம் முன்னாடியே தெரியும், எழுத்துத் தமிழோட ஓசை மட்டும் காதுல ஏறும். ஒண்ணாம் வகுப்புல பாடப் புத்தகத்தத் திறக்கறப்ப அந்த "கொண்டிருந்தது" புதுசா இருக்காது.

புத்தகம் பொருந்தாத எடமும் இருக்கு. பத்து நிமிஷம் கூட உக்கார வீட்டுல யாருமே இல்ல, குழந்தைய ஆறு வயசு அக்கா தான் பாத்துக்கறான்னா வெறும் புத்தகம் வேலைக்காகாது, அதுக்கு கீழ சொல்ற சொப்பு சாமானும் வீட்டுப் பொருளும் மேல்.

## ஃப்ரீயா கெடைக்கற ஆன்லைன் கதை

ஸ்டோரிவீவர்னு ஒரு தளம், பிரதம் புக்ஸ் தான் 2015ல ஆரம்பிச்சாங்க. கதைங்க லெவல் 1ல இருந்து 4 வரைக்கும் பிரிச்சிருக்கும், மூணு நாலு வயசுக்கு லெவல் 1 மட்டும் பாருங்க, தமிழ்ல நிறையவே இருக்கு. முக்கியமான விஷயம் என்னன்னா அது திறந்த உரிமத்துல இருக்கு, அதாவது டவுன்லோட் பண்ணலாம், பிரின்ட் எடுக்கலாம், நூறு காப்பி போட்டு குடுக்கலாம், நீங்களே மொழிபெயர்க்கலாம், எழுதினவங்க வரைஞ்சவங்க பேர போட்டா போதும், யார் கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல.

எங்க வகுப்புல இது எனக்கு ஏன் உயிர் மாதிரின்னா, இப்போ திருப்பூர்ல எந்த நர்சரில பாத்தாலும் ஒடியா, ஹிந்தி, பெங்காலி பேசற குழந்தைங்க இருக்காங்க, அப்பா அம்மா நிட்டிங்லயோ டையிங்லயோ வேலைக்கு வந்தவங்க. போன வருஷம் ஒரு ஒடியா பாப்பா ரெண்டு மாசம் வாயே திறக்கல. ஒரே கதை ஸ்டோரிவீவர்ல தமிழ்லயும் ஒடியாவுலயும் இருந்துச்சு, ஒடியா பிரின்ட்ட அவ அம்மா கிட்ட குடுத்து விட்டேன், தமிழ வகுப்புல நான் சொன்னேன். படம் ஒண்ணு தான, அவளுக்கு கதை வீட்டுலயே தெரிஞ்சுருச்சு. மூணாவது நாள் நான் பக்கத்த திருப்பறதுக்கு முன்னாடியே "ஹாத்தீ"ன்னு சத்தமா சொல்லிட்டு என்னையப் பாத்தா. நான் "யானை"ன்னேன். அவளும் "யானை"ன்னா. பின்னாடி உக்காந்திருந்த ரெண்டு வாலுங்க அன்னைக்குப் பூரா "ஹாத்தீ ஹாத்தீ"ன்னு கத்திட்டே இருந்துச்சுங்க.

மறைமுகச் செலவு என்னன்னா பிரின்ட். எங்க ஏரியா ஜெராக்ஸ் கடைல கலர் ஒரு பக்கம் 10 ரூபா, 12 பக்கக் கதைன்னா 120 ஆச்சு, அச்சுப் புத்தகமே அத விட கம்மிக்கு வந்துரும். கருப்பு வெள்ளைல எடுத்தா அடர்த்தியான படம் எல்லாம் ஒரே கரியா வந்து எது நாய் எது மரம்னே தெரியாது, கோட்டுப் படமா இருக்கற கதையத் தேர்ந்தெடுத்து கருப்பு வெள்ளைல போட்டு குழந்தைங்க கிட்டயே கலர் அடிக்க விட்டுடுங்க. இன்னொரு செலவு உங்க நேரம், ஒரு நல்ல கதை கெடைக்க பத்து கதை படிக்கணும், மொழிபெயர்ப்புல சிலது நம்ம வாய்க்கு வராத தமிழா இருக்கும். நான் ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் உக்காந்து மாசத்துக்கு நாலு கதை எடுத்து வச்சுக்கறேன்.

வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தளத்துல மழலைக் கல்வின்னு பாட்டு, கதை, எழுத்து எல்லாம் இலவசமா இருக்கு, அதையும் பாத்துக்கோங்க. டீச்சருங்களுக்கு அரவிந்த் குப்தா தளம், குப்பைல போற பொருள்ல பொம்மை செய்யறத படிப்படியா படத்தோட காட்டியிருப்பாரு, தமிழ்லயும் கொஞ்சம் கெடைக்கும்.

## போன், ஆப், வீடியோ

இதப் பத்தி அம்மாக்கள திட்டி எழுதறவங்க ஜாஸ்தி, நான் அத செய்ய மாட்டேன். ராத்திரி எட்டரைக்கு கம்பெனி பஸ்ல எறங்கி ஒன்பது மணிக்குள்ள சோறாக்கணும்னா ஒரு கையில குழந்தைய வச்சுட்டு அடுப்பு கிட்ட நிக்கறத விட இருபது நிமிஷம் வீடியோ மேல். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன வரைமுறைப்படி மூணு நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை கூடாது, கம்மியா இருந்தா இன்னும் நல்லது, ரெண்டு வயசு ஆகற வரைக்கும் வேணவே வேணாம். அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள எப்படிங்கறது தான் நம்ம பேச வேண்டியது.

வீடியோல என்ன கொறைன்னா அது குழந்தைக்கு பதில் சொல்லாது. பாப்பா "அது என்ன"ன்னு கேக்கும், திரை பாட்டுக்கு போயிட்டே இருக்கும், நாலு தடவை கேட்டுட்டு அஞ்சாவது தடவை கேக்கறத நிறுத்திடும். அதே போன்ல அமுச்சி வீடியோ கால்ல வந்தா கதையே வேற, ஏன்னா அவங்க இது பேசறதுக்கு திருப்பி பேசறாங்க, இது சிரிச்சா சிரிக்கறாங்க. அதனால வீடியோ காலை நான் திரை நேரக் கணக்குல சேக்கறதே இல்ல.

செலவு ஃப்ரீன்னு நெனைக்கற எடத்துல தான் நெறைய போகுது. சில ஆப் ஏழு நாள் சும்மா, எட்டாவது நாள் கார்டுல இருந்து வருஷச் சந்தா எடுத்துரும், டவுன்லோட் பண்ண அன்னைக்கே சந்தாவ கேன்சல் பண்ணி வச்சுக்கோங்க. அடுத்த வீடியோ தானா ஓடறத ஆஃப் பண்ணுங்க. யூடியூப் கிட்ஸ்ல டைமர் இருக்கு, தேடறத மூடி வைக்கலாம், நீங்க பாத்து ஒத்துக்கிட்ட வீடியோ மட்டும் வர்ற மாதிரியும் வைக்கலாம். முடிஞ்சா கைல போன குடுக்காம டிவில போடுங்க, டிவில பாத்தா அக்காவும் பாக்கும், அப்பாரும் (தாத்தா) பாப்பாரு, யாராச்சும் எதாச்சும் சொல்லுவாங்க.

கூகுளோட ரீட் அலாங் பத்தி கேக்கறாங்க, அது 2019ல போலோங்கற பேர்ல இந்தியாவுல தான் மொதல்ல வந்துச்சு, குழந்தை சத்தமா வாசிக்கறத கேட்டு திருத்தும், தமிழும் உண்டு. ஆனா அது எழுத்து கூட்டத் தெரிஞ்ச குழந்தைக்கு, எல்கேஜிக்கு இல்ல. ஒண்ணாம் வகுப்பு போனதும் தாராளமா பாக்கலாம்.

## மாண்டிசோரி கிட்டு, மரச்சாமான்

இந்த முறைய உருவாக்கின இத்தாலிக்காரம்மா மரியா மாண்டிசோரி 1939ல சென்னைக்கு வந்து அடையார்ல தான் டீச்சருங்களுக்கு பயிற்சி குடுத்தாங்க, போர் வந்ததால ஊர் திரும்ப முடியாம வருஷக்கணக்கா இந்தியாவுலயே இருந்தாங்க. அவங்க சாமானோட நல்ல குணம், தப்ப அதுவே காட்டிக் குடுக்கும். பிங்க் டவர்னு ஒரு அடுக்கு சாமான், அதுல 10 கட்டை, 10 செ.மீ.ல இருந்து ஒவ்வொரு செ.மீ.யா கொறைஞ்சு 1 செ.மீ. வரைக்கும், மாத்தி அடுக்கினா பாத்தாலே தெரியும், டீச்சர் "தப்பு"ன்னு சொல்லவே வேணாம். 22 பேர வச்சுட்டு ஒருத்தரால எல்லார் பக்கத்துலயும் உக்கார முடியாது, அதனால வகுப்பறைக்கு இது நிஜமாவே காசுக்கேத்த பொருள், பல வருஷம் உழைக்கும்.

வீட்டுக்குன்னா எனக்கு தயக்கம் தான். ஒரு குழந்தைக்கு பிங்க் டவர் ரெண்டு மாசத்துல முடிஞ்சுரும். அந்த 1 செ.மீ. கட்டை தம்பி பாப்பா வாய்க்குள்ள போற அளவு. அப்புறம் மாண்டிசோரிங்கற பேர யார் வேணா டப்பால போட்டுக்கலாம், பேரப் பாத்து நம்ப முடியாது. நானே ஆன்லைன்ல ஒரு செட்டு வாங்கினேன், ஈரத் துணிய வச்சு தேய்ச்சுப் பாத்தா துணி ரோஸ் கலர் ஆயிடுச்சு, அத அப்படியே திருப்பி அனுப்பிட்டேன். நீங்களும் வந்த அன்னைக்கே ஈரத் துணி சோதனை பண்ணிடுங்க, திருப்பி அனுப்பற தேதி முடியறதுக்குள்ள.

தமிழ் எழுத்துக்கு உப்புத்தாள் அட்டை வேணும்னா கடைல தேடாதீங்க. பெயின்ட் கடைல உப்புத்தாள் ஒரு ஷீட்டு 20 ரூபாக்குள்ள தான், எழுத்த வெட்டி அட்டைல ஒட்டுங்க, குழந்தை வெரலால தடவிப் பாக்கும். நான் அ ஆ இ ஈல ஆரம்பிக்கறதில்ல, ட, ப, ம தான் முதல்ல, பெரும்பாலும் நேர்கோடா இருக்கறதால வெட்டறதும் ஈசி தடவறதும் ஈசி, ஒரு புள்ளி வச்சா "படம்" வந்துரும், "மடம்" வந்துரும்.

மரச்சாமான்ல வீட்டுக்கு எனக்குப் பிடிச்சது சொப்பு சாமான் தான். அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, இல்லன்னா கர்நாடகால இருக்கற சென்னபட்டணா ஊரோட அரக்குச் சாமான், கடைசல்ல ஓடறப்பவே அரக்கேத்தி கலர் குடுப்பாங்க. எங்க வகுப்புல சொப்பு மூலைல ஒரு பொண்ணு பொம்மைக்கு சோறு ஊட்டிட்டே "சீக்கிரம் முழுங்குடா, பஸ்ஸு வந்துரும், சூப்பர்வைசர் அண்ணன் திட்டுவாரு"ன்னு சொன்னத நான் கதவு கிட்ட நின்னு கேட்டேன். அதுக்குள்ள எத்தன வாக்கியம், எத்தன "வந்துரும், திட்டுவாரு"ன்னு வரப்போறதப் பத்தின பேச்சு! பெரியவங்க பக்கத்துல இல்லாமயே பேச்சு பெருகற ஒரே சாமான் நான் பாத்த வரைக்கும் இதுதான்.

## வீட்டுல கெடக்கறது

எங்க ஊர்ல நூல் சுத்தி வர்ற கோன் அட்டை எங்க பாத்தாலும் கெடைக்கும், ஒண்ணு மேல ஒண்ணு மாட்டலாம், கோபுரம் கட்டலாம், வாய்ல வச்சு ஊதலாம், கட்டிங் வேஸ்ட் துணில ரெண்டு ரெண்டா ஒரே கலர் எடுத்து ஜோடி சேக்கலாம். உங்க ஊர்ல அதுக்கு பதிலா என்ன கெடைக்குதோ அது. கொட்டாங்குச்சி, தீப்பெட்டி, டப்பா மூடி, வெண்டைக்கா காம்பு எல்லாம் சாமான் தான். புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் எண்ணிக்கைக்கு இன்னைக்கும் தோக்காது, ரெண்டு வரிசைல 14 குழி, ஒவ்வொண்ணா போட்டுட்டே போறப்ப ஒரு பொருளுக்கு ஒரு எண்ணுங்கறது கைக்கு வந்துரும். ஆட்டத்தோட விதி நாலு வயசுக்கு வேணாம், போட்டு எடுத்தா போதும்.

ஆனா புளியங்கொட்டை மூக்குக்குள்ள போகும். இத நான் விளையாட்டுக்கு சொல்லல, எங்க ஸ்கூல்லயே ஒரு தடவை டாக்டர் கிட்ட தூக்கிட்டு ஓடியிருக்கோம். மூணு வயசுக்குள்ள இருந்தா கொட்டை, பட்டன், சோழி எதுவும் வேணாம், மூணு தாண்டினாலும் எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கி வைங்க. வீட்டுப் பொருளோட செலவு இதுதான், கண்ணு அது மேலயே இருக்கணும், அப்புறம் சேத்து கழுவி டப்பால போட்டு வைக்கற வேலை. ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்டாதீங்க, வாரத்துக்கு ஒரு டப்பா.

சமையல் கட்டையும் இதுல சேத்துக்கோங்க. முருங்கைக் கீரை உருவறது, பூண்டு உரிக்கறது, வேகவச்ச கடலைய தோல் நீக்கறது எல்லாம் பென்சில் பிடிக்கப் போற வெரலுக்கு பயிற்சி. பெத்தவங்க கேக்கற ஒர்க்புக்க நான் தனியா ஒரு ஆப்ஷனாவே வைக்கல, நாலரை வயசுக்கு முன்னாடி புள்ளிக்கோட்டு மேல எழுத வைக்கறதுல வெரல் தான் வலிக்கும். "ஹோம்வொர்க் எங்க மிஸ்"னு கேக்கறவங்களுக்கு நான் இப்போ கீரைக் கட்டு தான் எழுதி விடறேன்.

## அந்த மூணு பேருக்கு

கம்பெனி அம்மாவுக்கு: ஆயிரத்துல 400க்கு சொப்பு சாமான், கைவினைச் சாமான் இல்லன்னா ஐஎஸ்ஐ பாத்து. 300க்கு படப் புத்தகம் மூணோ நாலோ. மிச்சத்த அப்படியே வைங்க, மூணு மாசம் கழிச்சு பையன் எந்தப் புத்தகத்த கிழிச்சிருக்கானோ அதே மாதிரி இன்னொண்ணு வாங்குங்க, கிழியறது தான் ரொம்பப் பிடிச்சது. ஆப் எதுவும் இப்போ வேணாம். லீவு நாள்ல ராத்திரி படுக்கறப்ப பத்து நிமிஷம் போதும், மத்த நாள் உங்க மாமியார் கிட்ட படத்தக் காட்டி கதை சொல்லச் சொல்லுங்க, அவங்க ஊர்க் கதை ஒண்ணு கூட எந்தக் கடைலயும் கெடைக்காது.

பல்லடம் டீச்சருக்கு: உங்க 3000த்துல 1500 ஒரே ஒரு நல்ல அடுக்கு சாமானுக்குப் போகட்டும், பிங்க் டவரோ அது மாதிரி வேற ஒண்ணோ. 500 உப்புத்தாள், அட்டை, ஃபெவிகால். மீதி 1000த்துல அச்சுப் புத்தகம், ஸ்டோரிவீவர் கதைய பிரின்ட் போடாம லேப்டாப்லயோ டிவிலயோ காட்டுங்க. பெத்தவங்க மீட்டிங்ல ஆளுக்கு ஒரு பை டப்பா மூடியும் கோன் அட்டையும் கேளுங்க, குடுப்பாங்க. பக்கத்துல அங்கன்வாடி இருந்தா ஒரு நாள் போய் உக்காந்து பாருங்க, தமிழ்நாடு அங்கன்வாடில "ஆடிப்பாடி விளையாடு பாப்பா"ங்கற பாடத்திட்டத்துல நடத்தறாங்க, தனியார் ஸ்கூல்ல நமக்கு யாரும் சொல்லித் தராத ஆட்டமும் பாட்டும் அதுல இருக்கு. 2023 பிப்ரவரில மத்திய அரசோட பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி கொண்டு வந்த ஜாதுயி பிடாராங்கற விளையாட்டுச் சாமான் பெட்டியும் 3ல இருந்து 8 வயசுக்கு தான், கைப்பாவை, புதிர், அட்டைன்னு இருக்கும், அதுல என்னென்ன வச்சிருக்காங்கன்னு பாத்தா பாதிய நீங்களே செஞ்சுக்கலாம்.

துபாய் தங்கச்சிக்கு: உனக்கு தமிழ் கத்துக் குடுக்கற ஆப் எதுவும் வேணாம், பாப்பாவுக்கு புரியுது, பதில் சொல்ல ஒரு ஆள் தான் வேணும், இங்கிலீஷ் தெரியாத ஆளா. ஒரே படப் புத்தகத்துல ரெண்டு காப்பி வாங்கிட்டேன், ஒண்ணு பாப்பாவுக்கு, ஒண்ணு ஊர்ல சித்திக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோ கால் போட்டு ரெண்டு பேரும் அவங்கவங்க புத்தகத்த திறந்து வச்சுக்கட்டும், சித்தி சொல்லட்டும், பாப்பா பக்கம் திருப்பட்டும், பாப்பா இங்கிலீஷ்ல சொன்னா சித்தி "என்ன சாமி சொல்ற"ன்னு கேப்பாங்க, அப்போ அவளுக்கு தமிழ்ல சொல்லியே ஆகணும். சித்திக்கு புத்தகம் நேத்தே போய் சேந்துருச்சு, எந்தப் பக்கத்துல எத்தன கோழி இருக்குன்னு இப்பவே எண்ணி வச்சிருக்காங்க. உன்னோடத வர்ற வாரம் மாமா துபாய் வர்றப்ப பெட்டில வச்சு அனுப்பறேன்.